நான் துடைத்த நெகட்டிவ்

ஓசூரில் இடிக்கப்போகிற பழைய ஸ்டுடியோ ஒன்றின் நெகட்டிவ்களை நாங்கள் நான்கு பேர் ஸ்கேன் செய்து காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தாலே வினிகர் வாடை மூக்கில் ஏறும். பிலிம் கெட்டுப்போகிற வாடை அது. ஒரு பெட்டியில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவிவிடும் என்பதால் எனக்கு ஒரே அவசரம்.

முதலில் ஸ்கேன் செய்யுங்கள், துடைப்பதெல்லாம் பிறகு என்று மற்ற மூவரும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டால்தானே! இருபது வருடமாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். உதிரிபாகத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், என் கை தானாகத் துணியைத் தேடும். ஒரு பெட்டி முழுவதையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் ஸ்கேனரையே போட்டேன். பஞ்சில் கரியாக ஏதோ ஒட்டியது. அழுக்கு என்று குப்பையில் எறிந்தேன்.

அந்தப் பெட்டியில்தான் எங்கள் கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிற பெண் தேடச் சொன்ன படம் இருந்தது. அவருக்கு ஊர் நாட்றாம்பாளையம்.

"ஊட்டுல மாட்டியிருந்த படத்த செல்லு அரிச்சிடுச்சுங்கண்ணா. எங்கப்பா என்னை மடியில வெச்சிக்கினு எடுத்த ஒரே படம். அப்போ நான் மூணு மாசக் கொழந்த. கொஞ்ச நாள்லயே அவரு போயிட்டாரு. பொண்ணு கல்யாணப் பத்திரிகைய மொதல்ல அவரு முன்னால வெக்கணும். எப்படியாச்சும் தேடிக் குடுங்க."

அந்தப் படத்தின் பின்னட்டையில் இருந்த நெகட்டிவ் எண் மட்டும் பிழைத்திருந்தது. அதை வைத்துத் தேடி ஃபைலைத் திறந்தேன்.

நாற்காலியில் ஒருவர், மடியில் குழந்தை. அவர் கண்கள் மூடியிருந்தன. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுக்காதவர்களை இறந்த பிறகு உட்கார வைத்து எடுப்பதும், ஸ்டுடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சிலால் விழி வரைவதும், தாடைக் கட்டின்மேல் மை பூசி மறைப்பதும் அந்தக் காலத்தில் வழக்கம். என் பஞ்சில் வந்தது அந்தப் பென்சிலும் பூச்சும்தான். துடைப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் ஒன்றுகூட இல்லை. பாவி, என்ன காரியம் செய்தேன்!

படம் கிடைத்த செய்தியை நண்பர் ஒருவர் முந்திக்கொண்டு அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்த கையோடு, மஞ்சள் தடவிய பத்திரிகையுடன் வந்து நின்றார்.

"இன்னும் வேல பாக்கி இருக்கும்மா, நாளைக்கு வாங்களேன்" என்று திரையை மறைத்தபடி நின்றேன்.

"இருக்கட்டும்ணா. ஊருக்கு ரொம்ப தூரம் போவணும், ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன். நகருங்க."

நகர்ந்தேன்.

வெகுநேரம் பார்த்தார். அழுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அழவில்லை. திரைக்கு மிக அருகில் போய், குழந்தையின் இடுப்பில் விரலை வைத்தார். நாற்காலிக்குப் பின்னால் மறைப்பாகக் கட்டிய வேட்டியின் இடுக்கு வழியே ஒரு கை நீண்டு, குழந்தை சரியாமல் பிடித்திருந்தது. அதையும் நான்தான் துடைத்து வெளியே கொண்டுவந்திருந்தேன். மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல்கள்.

"இது எங்கம்மா கை" என்றார். பத்திரிகையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்பா உன்னை மடிய வுட்டு எறக்கவே மாட்டேன்னாருன்னு அம்மா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாங்கண்ணா."