மணிமண்டபத்தின் மேல்தளம்

"உலகத் தமிழ் மாநாட்டுக்குக் கட்டினதாம், ஒருநாள் ரெண்டு பேருமா ஏறிப் பாக்கலாங்க" என்று தஞ்சை மணிமண்டபத்தைக் காட்டி என் மனைவி பலமுறை அழைத்தாள். பெரிய கோயில் உள்ள ஊரில் இந்தச் சிமெண்டுக் கோபுரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று மறுத்துவிடுவேன்.

அவள் மறைந்து ஓராண்டு நிறையாததால் கோயிலுக்குப் போகக் கூடாது. ஆகவே, சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த அவள் தம்பியை மணிமண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன்.

மேல்தளத்தில் அவர் சிரித்தார். "நீங்களா அத்தான் இங்க! 'ஆயிரம் வருஷம் ஆகாத எதுவும் உங்க அத்தான் கண்ணுல படாது, நானும் அதுல சேர்த்திதான்'னு அக்கா சொல்லும்."

நானும் சிரித்தேன். பிறகு, அவள் காண விரும்பிய ஊரை வெகுநேரம் பார்த்தேன். என் இடப்புறம் ஓர் ஆள் நிற்க இடம்விட்டே நின்றிருந்தேன் என்பதை இறங்கும்போதுதான் உணர்ந்தேன்.