துலாவில் ஏறாத இருவர்

பட்டம் பெற்று ஊர்ப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டு, புத்தூர்ச் சாலையோரத்துப் பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க என் வகுப்புப் பிள்ளைகள் விரும்பினார்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை நோக்கி நடப்பவர்கள் அங்கேதான் தண்ணீர் குடிப்பார்கள். அவ்வருடம் அந்த நீரில் பாசி நாற்றம் வீசியது.

நற்செயலானாலும் அதன் விளைவை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னேன். ஒரு கொப்பியில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன தீங்கு நேரலாம் என்று அவர்களையே எழுதச் செய்தேன். கயிறு இற்றிருந்தால் மாற்றுவது, கிணற்றடியை எவரும் நெருங்காதபடி கோடு கீறுவது, வெயில் ஏறுமுன் முடிப்பது என்று பக்கங்கள் நிறைந்தன. சேவை முழுவதும் பிள்ளைகளுடையதாகவே இருக்கும் என்று பள்ளி முகாமையாளரிடம் பெருமையோடு சொல்லியும் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் இறைப்பென்றால், ஏற்றம் போல் உயரத்தில் ஆடும் நெடிய துலாமரத்தின்மேல் இருவர் முன்னும் பின்னும் நடக்க, அவர்களின் பாரத்தால் பட்டை என்னும் பனையோலை இறைகூடை கிணற்றுள் இறங்கி ஏறும். கீழே ஒருவர் அதைப் பிடித்து நீரை ஊற்றுவார். துலா மிதிக்கும் பெருமையை, வகுப்பில் முதலிரு இடங்களைப் பெற்ற பையன்களுக்குப் பரிசு போல வழங்கினேன்.

புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள் எழுந்தாள்.

"வாத்தியார், பட்டை கல்லிலை கொழுவிச் சிக்கினா மேலை நிக்கிறவைக்கு ஆர் சொல்லுறது?"

"உவளுக்குப் பயம்," என்றான் முதலிடம் பெற்றவன். "பெட்டையள் முற்றத்தைக் கூட்டட்டும்."

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "கொழுவின பட்டை விடுபட்டால் துலா உதறும். எங்கடை அண்ணை கீழை நிண்டு 'நில்' எண்டால் ஐயாவும் சித்தப்பாவும் கேள்வி கேளாமல் துலாவிலையே குந்திடுவினம். உவை ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்லை ஒருத்தர் எப்ப கேட்டவை?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துலாவுக்கு எதிரே கொப்பியில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை; மதிப்பெண்ணைப் பார்த்த நான் மரத்தைப் பார்க்கவில்லை. முகாமையாளரிடம் சொன்ன சொல்லை விழுங்குவது கசந்தது. ஆனாலும் அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய் உதவி கேட்டேன்.

"படிச்சவையின்ரை துலா எங்களை ஏத்துமோ, வாத்தியார்?" என்று அவளுடைய தகப்பனார் கேலி செய்தார். ஆனாலும் சனிக்கிழமை விடியமுன்னரே தம்பியோடும் மகனோடும் வந்து நின்றார். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று நீர் ஓடும் வாய்க்காலில் அள்ளிய சேற்றை ஓலைக் கடகங்களில் கைமாற்றினார்கள்.

கிணற்றில் பாதி இறைத்த வேளை, பட்டை உட்சுவரில் கொழுவியது.

"நில்!" என்றான் கீழே நின்ற அவளுடைய அண்ணன்.

எனக்கு விளங்குமுன்னரே மேலிருந்த இருவரும் துலாவோடு அணைந்து அமர்ந்துவிட்டார்கள். பட்டை விடுபட்டதும் அந்த மரம் உதறிய உதறல் என் நெஞ்சிலும் இறங்கியது. அவர்கள் மெல்ல எழுந்து மறுபடி நடந்தார்கள்.

அவளிடம் போய், நல்ல கேள்வி கேட்டாய் பிள்ளை என்றேன். "ஓம் வாத்தியார்," என்று சொல்லிவிட்டு அடுத்த கடகத்துக்குக் கை நீட்டினாள்.

வேலை முடிந்ததும், முழங்கால்வரை சேறு பூசிய, துலாவில் ஏறாத அந்த இரு பையன்களும் யார் அதிகம் சுமந்தது என்று சண்டையிட்டபடி வீட்டுக்கு நடந்தார்கள். சாலை திரும்பும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.