பத்தாவது ஆள்

ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் பின்னால் ஒரு வாடகை மண்டபம். பல நாடுகளிலிருந்து ஒஸ்லோவில் வந்து குடியேறிய யூதர்கள் ஒன்பது பேர், கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார்கள். ஒருவருடைய தாயாருக்கு இன்று திவசம் மாதிரி. பத்து ஆண்கள் சேராமல் அதற்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியாதாம். பத்தாமவர் தூரத்தில் இல்லை. எதிர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் கோப்பி குடித்தபடி மண்டபத்தையே பார்க்கிறார். கதிரைகளை எப்படிப் போடுவது என்பதில் அவர்களுடைய சபைத் தலைவரோடு கோபம்.

மண்டபத்துத் திறப்பை வைத்து அதை வாடகைக்கு விடும் யாழ்ப்பாணத்துத் தேவன் அண்ணை என் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்.

"எங்கடை சங்கங்களும் இஞ்சைதான் கூடுறது. ஆனா இந்தக் கரைச்சல் இல்லை."

"எங்கடை ஆக்கள் கோவிக்கிறேல்லையோ?"

"கோவிப்பினம். அடுத்த கிழமையே புதுச் சங்கம் தொடங்கி, தாங்களே தலைவராகி, என்னட்டை இதே மண்டபத்தைக் கேப்பினம்."

கடைசியில் தலைவர் தெருவைக் கடக்கிறார். கண்ணாடிக்குள் நாலு கைகள் ஆடுகின்றன. இருவரும் முகம் பார்க்காமல் சேர்ந்து வருகிறார்கள். வந்தவர் முதலில் கதிரைகளைத் தன் விருப்பப்படி போடுகிறார். தலைவர் கூரையைப் பார்க்கிறார். தாய்க்காக மகன் பிரார்த்தனையைச் சொல்லத் தொடங்குகிறார்.

"இப்ப எங்கடை சங்கம் எத்தினை, அண்ணை?"

"ஏழு. ஒண்டிலையும் பத்துப் பேர் தேறாது."