நாகலெட்சுமி கட்டிய சாவுச் சந்தா

நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி இருபத்தொன்பது வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியது ஒன்றே ஒன்றுதான்: மரண உதவிச் சங்கத்தின் சந்தா. கொழுந்து பறித்த காலத்தில் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலையை விட்ட பிறகு தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அரிசிக்குக் கடைக்காரனிடம் பல்லிளித்த மாதங்களிலும் அது நின்றதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. புருஷன் செத்தபோது தோட்டத்தில் சங்கம் கிடையாது. சவப்பெட்டியைக் கடனுக்கு எடுத்தாள். மூன்று வருஷத் தீபாவளி அட்வான்ஸும் அந்தக் கடனுக்கே போனது. சின்னப்பிள்ளையாக இருந்த மகன் கிஷாந்துக்கு மூன்று தீபாவளிக்கும் புதுச்சட்டை இல்லை. தன் சாவுக்காக அவன் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. தோட்டத்தை விட்டுப் போனால் பேரை வெட்டிவிடுவார்கள். கட்டிய காசும் போச்சு. கொழும்புப் புடவைக் கடைக்கு வேலைக்குப் போன கிஷாந்தின் பேர் அப்படித்தான் போனது. இளந்தாரிக்குச் சாவைப் பற்றி என்ன கவலை?

அவன் பொங்கலுக்குப் பொங்கல் வந்து ஒரே பாட்டைப் பாடுவான்.

"ரெண்டு பேரு இருக்கிற மாதிரி ரூம் பாத்துட்டேம்மா. வந்துரு. கடைச்சோறு தின்னு வயிறே கெட்டுப்போச்சு."

"நான் வந்துட்டா என் காசு என்னாகுறது?"

"அந்தப் பொட்டிக் காசுக்காகவா தனியா கெடக்குற? நான் செய்ய மாட்டேனா?"

"நீ கடன்படக் கூடாதுன்னுதான்டா."

அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். சாவுக்குக் காவல் இருக்கிற மனுஷி என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன ஆவணியில் கொழும்பில் ரோட்டைக் கடந்த கிஷாந்தை லொறி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டதாகக் கடையிலிருந்து போனில் சொன்னார்கள். பெட்டிக்கும், உடலை மலைக்குக் கொண்டுவர வேனுக்கும் உடலை வைத்திருக்கிற மலர்ச்சாலையில் காசு கட்ட வேண்டுமாம்.

அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சங்கப் பொருளாளர் அழகன் வீட்டுக்குப் போனாள். அழகன் கறாரான ஆள். மூன்று பேர் கையெழுத்தில்லாமல் பேங்கிலிருந்து ஒரு சதம் வெளியே வராது.

"தம்பி, என் காசக் குடுங்க. மகனக் கொண்டாரணும்."

அழகனுக்குக் கண் கலங்கியது. "அக்கா, அவன் பேர வெட்டிப் பதினஞ்சு வருஷமாச்சே. உசுரோட இருக்கிறவங்க பேருல எடுக்க முடியாதுங்களே."

"அப்ப நான் செத்துட்டேன்னு எழுதிக்குங்க."

சாயங்காலம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் சங்கம் கூடியது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஒருத்தருக்கு இரண்டு தடவை கொடுக்க வழியில்லை, அவள் பேரை வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். நாகலெட்சுமி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கிஷாந்த் வந்து சேர்ந்தான். நல்ல பெட்டி. யாருக்கும் கடன் இல்லை. அப்பனுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் அழகன் வந்தார். "அக்கா, புதுசாச் சேந்துக்கங்க. மொத மாசத்த நானே கட்டுறேன்."

"சேந்தா தோட்டத்த விட்டுப் போக முடியாதுல்ல?"

"சட்டம் அதானுங்களே. ஏன்க்கா, போகப் போறீங்களா?"

"இப்பப் போனா ஒண்ணும் நட்டமில்ல," என்றாள் நாகலெட்சுமி. "கூப்புட்டவனத்தான் பொதச்சிட்டோமே, தம்பி."