பாதிச் சவரத்தில் ஓடிய மகனும் வழி தவறாத தகப்பனாரும்

எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறையும் எங்கள் தகப்பனார், பாகூர் ஏரித் தண்ணீரை நம்பிய குடும்பத்தில் பிறந்தவர்கள். பத்து வயதில் தந்தையை இழந்து, அந்த ஆண்டே ஏர் பிடித்து, மூன்று தங்கைமாரைக் கரையேற்றியவர்கள். யாரையும் கடிந்து பேசாதவர்கள். நான் மட்டும் விதிவிலக்கு.

அவர்களுடைய எழுபத்து மூன்றாம் வயதில் ஒரு நாள் காலை, நான் வாசலில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மாமா வந்தார்.

"உங்க அப்பாரு கழனிக்குக் கெழக்கால போவாம மேக்கால போறாருப்பா. வழி மறந்துட்டாரு போல."

"இனிமே அப்பாவத் தனியா வெளிய வுடக் கூடாது!" என்று மனைவியிடம் கத்திவிட்டு, ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக ஓடினேன்.

மேற்கே நாலு வயல் தாண்டினால் எங்கள் பிரெஞ்சு மண் முடிந்து இங்கிலீஷ் எல்லை. என் கோலத்தைக் கண்ட சுங்கச் சாவடிக்காரர் மறித்தார்.

"யாருய்யா நீ? எங்க ஓடற?"

"எங்க அப்பாவக் காணோம்!"

"அவரு பேரு இன்னா?"

பெயர் வாயில் வரவில்லை. பதற்றத்தில் சுத்தமாக மறந்து போயிருந்தது. "அப்பா" என்றேன்.

"அது தெரியுதுய்யா. பேரு?"

பின்னாலிருந்து ஒரு குரல் பெயரைச் சொன்னது. பாட்டனார், பூட்டனார் பெயர்களையும் சேர்த்துச் சொன்னது. அப்பாவேதான். "நம்ம பையன்தாங்க. காலைல எழுந்தசொல்ல நல்லாத்தான் இருந்தான்."

(இந்த நினைவு மலரில் அவர்கள் பெயரை நான் எழுதாதது மரியாதையினால்தான் என்பதை உறவினர் நம்ப வேண்டும்.)

திரும்பும்போது அப்பா சொன்னார்கள்: "ஒரே வழியா போனா காலு மட்டும் நடக்குது, மண்டை தூங்கிப்பூடுது. அதான் தெனம் ஒரு வழி. எங்க திரும்பணும், யாரு வூட்ல கன்னு போட்டிருக்குதுன்னு அது முழிச்சிக்கினே இருக்கும்." சற்று நின்று, என்னைப் பார்த்தார்கள். "என்ன வூட்ல கட்டிப் போடலாம்னு பாக்கிறியாடா?"

"இல்லப்பா. போய்ட்டு வாங்க" என்றேன். சொல்ல எளிதாக இல்லை.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள், தினம் ஒரு வழியாகப் போய் வந்தார்கள். மூன்றே நாள் காய்ச்சலில் படுத்தபோதும், பார்க்க வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பிள்ளைகளையும் மாடுகளையும் விசாரித்துவிட்டே கண் மூடினார்கள்.

மருந்து அரைத்துக் கொடுத்தவர்களுக்கும், இறுதிக் கடனில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் வணக்கம். அந்த நான்கு ஆண்டுகளும் வழியில் அப்பாவைக் கண்டபோது மோர் கொடுத்து ஊர்க்கதை பேசியவர்களுக்கும், பரிதாபப்பட்டுக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடாமல், அவர்கள் பாட்டுக்கு நடக்க விட்ட அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.