மேட்டுத் தெருவில் பொய் சொன்ன கம்பி

தினமும் காலையில் நான்கு நர்ஸுகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவள் தொழில். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பைலட். அவள் ஓட்டிய செடான் கார், நால்வரில் சின்னவளைவிட வயதில் மூத்தது. பைலட் மேட்டுத் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து அது நீலப் புகை கக்க ஆரம்பித்திருந்தது.

"பைலட்டக்கா, இது கொசு மருந்து அடிக்கிற வண்டியானு வார்டுல கேக்குறாங்க" என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய நர்ஸ் மட்டும் இறங்கும்போது தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதம்மா. நாளைக்கும் இப்படியே புகைஞ்சா வேன் பாத்துக்கலாம்னு பேசிக்கிறோம்."

பைலட்டின் கணவர் தையல்காரர். முதுகுவலி வந்த பிறகு அவரால் மிஷினில் வெகுநேரம் உட்கார முடிவதில்லை. வீட்டில் அடுப்பு எரிவதே இந்தக் காரால்தான். நேராக மெக்கானிக்கிடம் விட்டாள்.

அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் பளபளத்தது.

"இந்த இன்ஜினுக்கு மூணரை லிட்டர் ஆயில்தான். ஆயில் மாத்தினப்ப ஃபில்டருக்கும் சேத்து அளந்துதான் ஊத்தினேன். இப்ப தொண்டை வரைக்கும் இருக்கு, உள்ள நுரைச்சுப் புகையுது. யாரும்மா இதுக்குத் தினம் விருந்து வைக்கிறது?"

"நான் தொடவே இல்லண்ணே" என்றவள் பாதியில் நிறுத்தினாள். விடியற்காலையில் வாசலில் பானெட் மூடும் சத்தம் கேட்கும். கணவர் காரைத் துடைக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கல்லு மாதிரி இருக்கு. அதிகமானதை வடிச்சிட்டாப் போதும்" என்று அப்போதே வடித்தும் கொடுத்தார்.

வீட்டில் தையல்காரர் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். திட்ட வேண்டும் என்றுதான் படியேறினாள்.

"என்னங்க, காருக்கு ஆயில் ஊத்துறீங்களா?"

"பின்ன? எப்ப பாத்தாலும் குறைச்சலாத்தான் காட்டுது. நீ நடுவழியில நின்னுடக் கூடாதேன்னு ஊத்தி வைப்பேன். சொன்னா பயப்படுவே."

நாக்கு வரை வந்த வசவு அங்கேயே கரைந்துபோனது. வாசலில் சாய்ந்து நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வாசல் சரிவுங்க. ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடுது. கம்பி பொய் சொல்லுது."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப அந்தப் புகை என்னாலயா? இனிமே நான் அந்தப் பக்கமே போகல."

"அதெப்படி? ஓட்டுறது நான், பாக்குறது நீங்கதான். ஆனா கீழ சமதரையில."

மறுநாள் அவரையும் ஏற்றிக்கொண்டு நர்ஸுகள் ஏறும் இடத்துக்கு முன்னதாகவே வந்து இன்ஜினை நிறுத்தினாள்.

"பாக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க. மேல போன ஆயில் இறங்கட்டும்."

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

பிறகு அவர் இறங்கிக் கம்பியை எடுத்துக் காட்டினார். இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது.

"ஒரே ஒரு சொட்டு ஊத்தட்டுமா?"

"என்னங்க!"

நர்ஸுகள் வந்தார்கள். பைலட் சாவியைத் திருப்பினாள். பெரிய நர்ஸ் ஏறாமல் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தபடி கேட்டாள்: "நாளைக்கும் இதே நேரம்தானே?"

பைலட் வாய் திறப்பதற்குள், "இதே நேரம்தான்" என்றார் தையல்காரர்.