பூ ஏறிய வண்டி

அனுசுயா ஒன்பது வருடமாக ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி மலைக்கோயிலுக்குப் பூ ஏற்றிப் போகிறாள். அவள் வண்டியில் இன்ஜின் பின்சக்கரங்களை மட்டும்தான் சுழற்றும். அக்காள் கணவர் தேசப்பன் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வாங்கியதும், ஆடிக்கிருத்திகைக்குப் பூ ஏற்றும் வேலை யாருக்கு என்ற பேச்சு வந்தது. வற்றிய ஏரியின் மணலில் நிற்கும் பனைமரத்தைச் சுற்றி முதலில் கரையேறும் வண்டிக்கு என்று தோட்டக்காரர்கள் சொன்னார்கள்.

வண்டி லேசாக இருக்கட்டும் என்று அனுசுயா பூ மூட்டைகளை இறக்கினாள். புறப்பட்ட இடத்திலேயே பின்சக்கரங்கள் புதைந்தன.

“முன்சக்கரம் ரெண்டும் சும்மா வேடிக்கை பார்த்துகினு கீதும்மா,” என்றார் தேசப்பன்.

“சிரிங்க பாவா, சிரிங்க.”

ஏரியோரம் சாமந்தி பயிரிடும் தாயம்மாளுக்குக் கோபம். “வெறும் வண்டியையா மலைக்கு அனுப்பப் போறோம்? ரெண்டு பேரும் பூவோட ஓட்டுங்க.”

ஈர மூட்டைகளின் பாரத்தில் பின்சக்கரங்கள் மணலைப் பிடித்துக்கொண்டன. அப்போதும் ஜீப்தான் முந்தியது. பனைமரத்தருகே அது வேகத்தில் அகலமாக விலகிப் போனது. அனுசுயா ஆக்சிலேட்டரை அழுத்தி, பின்பக்கத்தைச் சறுக்கவிட்டு, மரத்தை ஒட்டித் திரும்பிக் கரையேறினாள்.

தாயம்மாள் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். “ஒண்ணும் நசுங்கல. நீயே எடுத்துகினு போ.”

மலையில் பூவை இறக்கிவிட்டு மாலையில் ஏரி வழியே திரும்பியபோது, காலி வண்டி அதே மணலில் சிக்கியது. தேசப்பன் அங்கே கயிற்றோடு காத்திருந்தார்.

“இப்போ யாரு ஜெயிச்சது?”

“நீங்கதான் பாவா. மெதுவா இழுங்க.”